அடிக்கோடு ஒன்று தோன்றும்

திரியெஸ்தே துறைமுகம், மூன்றாம் மாடி.
தெற்கிலிருந்து வந்த சிரோக்கோ காற்று
ஈரத்துணியால் சன்னலைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது,
துடைக்கத் துடைக்க அழுக்காகிறது கண்ணாடி.

நெவெங்கா காலையிலிருந்து
பைத்தானில் எழுதியது பதினான்கு வரி.
அது போய்க் கூப்பிட வேண்டியது
நாற்பத்தாறு ஆண்டுக்கு முன்
திராகோ பெர்த்தோத் என்பவர்
ஃபோர்ட்ரானில் போட்டுவைத்த அலைக்கணக்கை.
ஆறெழுத்துக்கு மேல் பெயர் வைக்கக் கூடாத காலம்.
உயிரெல்லாம் உதிர்ந்து
மெய் மட்டும் நிற்கும் பெயர்கள்.

கூப்பிட்டாள்.
அப்படி ஒருவர் இங்கில்லை என்றது கணினி.

இருக்கிறது. அவளுக்குத் தெரியும்.
கோப்பின் வயிற்றைத் திறந்து
குறியீட்டுப் பட்டியலில் விரல் வைத்துத் தேடினாள்.
கடைசியில் கிடைத்தது:
தொகுப்பி ஒவ்வொரு பெயருக்கும் பின்னால்
ஓர் அடிக்கோட்டை ஒட்டியனுப்பியிருந்தது.
யாரும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை.

நிலைமொழியின் முன் வருமொழி வந்து நின்றால்
சும்மா ஒட்டாது என்று நமக்குத் தெரியும்.
ஒன்று தோன்றும்.
ஒன்று திரியும்.
ஒன்று கெடும்.
தோன்றியது இது.

அடுத்து, மூன்று என்ற எண்ணைக் கொடுத்தாள்.
ஃபோர்ட்ரான் பொருளைக் கையில் வாங்காது,
பொருள் இருக்கும் விலாசம் கேட்கும்.
மூன்றை விலாசம் என்று எடுத்துக்கொண்டு
மூன்றாம் எண் வீட்டுக் கதவைத் தட்டப் போனது.
நினைவகத்தில் அது யாரும் போகக் கூடாத தெரு.
அங்கேயே விழுந்து செத்தது நிரல்.
எல்லை மீறல், என்று ஒரே வரி இரங்கல்.

பதினைந்து இலக்கத்தோடு போன தசமம்
ஏழோடு திரும்பியது.
கெட்டது அது. போகட்டும்,
கடலுக்கு ஏழு போதும்.

பிற்பகல் மூன்றரைக்குப் பிழையே இல்லை.
வரைபடம் திரையில் விரிந்தது.
வளைகுடா எலும்பாய்க் காய்ந்து கிடக்க
முந்நூறு மீட்டர் மேட்டில் ஒபிச்சீனா
இரண்டாள் ஆழத் தண்ணீரில்.

எட்டிப் பார்த்தான் ஒத்தாவியோ,
கையில் காப்பி.
"என் மாமியார் வீடு அங்கேதான்.
படகு வாங்கச் சொல்லட்டுமா,
சொல்லாமல் விட்டுவிடட்டுமா?"

அவள் சிரிக்கவில்லை.
இவள் கிடையாக அடுக்கியனுப்பிய எண்களை
அது நெடுக்காக வாசித்திருக்கிறது.
இரண்டும் ஒழுங்குதான்.
ஒழுங்கும் ஒழுங்கும் சந்தித்த இடத்தில்
மலையேறிவிட்டது கடல்.

இடம்மாற்றி மறுபடி ஓட்டினாள்.
கடல் இறங்கித் தன் இடத்தில் படுத்தது.
நாளை அதிகாலை நான்கு நாற்பதுக்கு
நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்.

எல்லோரும் நம்பியிருப்பார்கள்.
அவளும்தான்,
திராகோவின் குறிப்பு ஒன்று கண்ணில் படாதிருந்தால்:
இங்கே பதினொன்று கழி. கப்பல் இடித்த தூண்.
அவ்வளவே. எந்தக் கப்பல், எந்தத் தூண், தெரியாது.

அவள் பக்கத்திலும் ஒரு வரி.
முன்பு யாரோ, நல்ல எண்ணத்தோடு,
பைத்தானிலும் அதே பதினொன்றைக் கழித்திருந்தார்கள்.
ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல்
ஒரே கடனை இருவரும் அடைத்ததில்
பதினொரு சென்டிமீட்டர் கடலைக் காணோம்.

எதை அழிப்பது?
எடுத்தவர் கையால்தான் வைக்க வேண்டும் என்பது
நினைவகத்தின் சட்டம்.
அவர் வரியை விட்டாள். தன் வரியை அழித்தாள்.
சரிதானா என்று இரண்டு முறை
ஒத்தாவியோவிடம் கேட்டாள்.
அவன் தோளைக் குலுக்கினான்:
"நாலு நாற்பதுக்குத் தெரியும்."

நூற்று இருபத்தொன்பது.

கரையோர மதுக்கடையில் எர்மாகோரா
எண்ணை மட்டும் கேட்டான்.
எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு வந்தது,
வழியில் என்ன உதிர்ந்தது, கேட்கவில்லை.
சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் எழுதி
அடியில் ஒரு கோடு இழுத்தான்.
பிறகு நாற்காலிகளை ஒவ்வொன்றாய்
மேசைமேல் கவிழ்க்கத் தொடங்கினான்.

அவள் ஒரு முனையைப் பிடித்தாள்.
மேசை கனமாக இருந்தது.